16-ஆ, 17-ஆ? விர்ட்டஸ் ஜிடிக்கு அலாய் மாற்றுவதற்கு முன்

ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ் ஜிடி 1.5 கார் வாங்கியவர்கள் முதல் சர்வீஸுக்கு முன்பே இந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். கம்பெனி கொடுத்த 16 அங்குலச் சக்கரத்தையே வைத்துக்கொள்வதா, 17-க்குப் போவதா? 150 பி.எஸ். இன்ஜின், நீளமான உடம்பு, அகலமான சக்கர வளைவு. அதற்குள் 16 கொஞ்சம் சின்னதாகத்தான் தெரிகிறது, அதை மறுக்க முடியாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரேக் காலிப்பரில் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) இடிக்காமல் உட்காரும் மிகச் சிறிய சக்கரம்தான் ஓட்டுவதற்கு நல்ல சக்கரம். நம் சாலையில் இந்த வண்டிக்கு அது 16. அலாய்க்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு பகுதியை நல்ல டயரில் போட்டால் வண்டி அதிகம் மாறும். 17 போட்டே தீர வேண்டும் என்றால் அதற்கும் சரியான வழி இருக்கிறது. தப்பான வழிகள் அதைவிட நிறைய இருப்பதால் அதைத்தான் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் கணக்கு. டயர் பக்கச்சுவரில் 205/55 ஆர்16 91வி என்று இருக்கும். 205 என்பது மில்லிமீட்டரில் அகலம். 55 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. 16 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 91 சுமை எண். ஒரு டயர் 615 கிலோ தாங்கும். வி என்றால் மணிக்கு 240 கி.மீ. வரை. ஆகப் பக்கச்சுவர் 112.75 மி.மீ., மொத்த விட்டம் 631.9 மி.மீ. புதிதாக எந்த அளவு போட்டாலும் இந்த 631.9-ஐ ஒட்டியே இருக்க வேண்டும். இரண்டு சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது.

17-இல் 205/50 போட்டால் 636.8 மி.மீ. வரும், 0.8 சதவீதம் கூடுதல். 225/45 என்றால் 634.3. 215/45 என்றால் 625.3, ஒரு சதவீதம் குறைவு. 215/50 போடச் சொல்லும் கடைகள் உண்டு. அது 646.8, அதாவது 2.4 சதவீதம் கூடுதல். "கிரவுண்ட் கிளியரன்ஸ் ஏறும் சார்" என்பார்கள். விட்டத்தில் 15 மி.மீ. கூடினால் வண்டி ஏறுவது அதில் பாதி, ஏழரை மி.மீ. அதற்காகக் கியர் விகிதம் நீண்டு, மீட்டர் காட்டுவதைவிட வண்டி வேகமாக ஓடுவதில் அர்த்தமே இல்லை.

விர்ட்டஸின் அதே பிளாட்ஃபார்மில் உருவான டைகுன், குஷாக் எஸ்யூவிகளுக்கு 17 அங்குல அலாய் கம்பெனியிலிருந்தே வருகிறது. போல்ட் துளைகள் அமைந்த வட்டம் ஒன்றுதான், 5 துளை, விட்டம் 100 மி.மீ. நடுத்துளையும் அதே 57.1. அதனால் அந்தச் சக்கரம் விர்ட்டஸில் அப்படியே உட்காரும். பழைய பொருள் விற்கும் இடங்களில் டயரோடு சேர்த்தே தள்ளிவிடப் பார்ப்பார்கள். அங்கேதான் கவனம் வேண்டும். அந்த டயர் 205/55 ஆர்17, விட்டம் 657.3 மி.மீ. விர்ட்டஸுக்கு அது 4 சதவீதம் அதிகம். மீட்டரில் 100 என்று காட்டும்போது பழைய சக்கரத்தில் ஓடியதைவிட 4 கி.மீ. வேகமாக ஓடிக்கொண்டிருப்பீர்கள். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் சக்கர வளைவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் லைனரில் உரசவும் வாய்ப்புண்டு. சக்கரத்தை மட்டும் எடுங்கள், டயரை விட்டுவிடுங்கள்.

இனி பள்ளம். டயர் வெடிப்பதும் ரிம் வளைவதும் எப்படி நடக்கிறது என்று கிட்டப் போய்ப் பார்த்தால் 16-ஐ ஏன் சொல்கிறேன் என்பது புரியும். ரிம்மின் ஓரத்தில் டயரைப் பிடித்துக்கொள்ளும் உதடு சுமார் 17 மி.மீ. உயரம். பக்கச்சுவர் 112 மி.மீ. என்றாலும் உதட்டுக்கு மேலே மெத்தையாக வேலை செய்வது 95 மி.மீ.தான். வண்டியின் எடையிலேயே இருபது மி.மீ.க்குக் குறையாமல் அது அமுங்கியிருக்கும். மிச்சம் எழுபது சொச்சம். இதே கணக்கை 215/45 ஆர்17-க்குப் போட்டால் மிச்சம் 55-60. 225/40 ஆர்18-க்குப் போனால் 50-ஐ ஒட்டி வந்துவிடும். பள்ளத்தின் விளிம்பில் சக்கரம் மோதும்போது இந்த மிச்சம் தீர்ந்துபோனால் ரப்பர் சுவர் இரும்பு விளிம்பு போன்ற சாலைக்கும் ரிம் உதட்டுக்கும் இடையில் கத்தரிக்கோலில் சிக்கியதுபோல நசுங்கும். உள்ளே ஓடும் பாலியெஸ்டர் நூல்கள் அறுபடும். வெளியே ரப்பர் கிழிந்திருக்காது. இரண்டு நாள் கழித்து எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு வரும். அதை ஒட்ட முடியாது, டயரை மாற்றியே ஆக வேண்டும். டயர் தாக்குப்பிடித்தால் ரிம் வளையும். பெரும்பாலும் உட்பக்க உதடுதான் வளையும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

தாங்கும் சக்தி மிச்ச உயரத்தின் விகிதத்தில் மட்டும் குறைவதில்லை. டயர் அமுங்க அமுங்க எதிர்ப்பும் ஏறுவதால், அது உள்வாங்கும் ஆற்றல் ஏறக்குறைய உயரத்தின் இருமடிப் போக்கில் மாறும். 70-க்கும் 55-க்கும் நடுவில் இருப்பது வெறும் 15 மி.மீ. இல்லை, ஒன்றரை மடங்குக்கும் மேலான வித்தியாசம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னைச் சாலையில் தேங்கிய தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இந்த 15 மி.மீ.தான் அன்றைக்கு உங்களை வீடு சேர்க்கும்.

மழை என்றதும் அகலத்தையும் பேசிவிடலாம். 205-லிருந்து 225-க்குப் போனால் டயர் ஒவ்வொரு நொடியும் விலக்கித் தள்ள வேண்டிய தண்ணீர் கூடும். அதே காற்றழுத்தம், அதே தேய்மானம் இருக்கும்போது அகலமான டயர் சீக்கிரம் தண்ணீர்மேல் மிதக்கத் தொடங்கும். சட்டப்படி டயரின் பள்ளக்கோடுகள் 1.6 மி.மீ. ஆழத்துக்குத் தேயும் வரை ஓட்டலாம் என்றாலும், அகலமான டயர் போட்டவர்கள் 3 மி.மீ. வந்ததுமே, மழைக்காலத்துக்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது.

எடை விஷயத்தில் இணையத்தில் ஒரு கதை சுற்றுகிறது. சக்கரத்தில் ஒரு கிலோ குறைந்தால் வண்டியில் பத்துக் கிலோ குறைந்ததற்குச் சமம் என்பார்கள். அது உண்மையல்ல. சுழலும் பொருளின் எடை முழுவதும் டயரின் வெளி விளிம்பிலேயே இருந்தால்கூட, முடுக்கத்தில் அது இரண்டு மடங்காகத்தான் கணக்காகும். ரிம்மின் எடை அதைவிட உள்ளே இருப்பதால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. மலிவான வார்ப்பு 17 அலாயும் டயரும் சேர்ந்து சக்கரத்துக்கு 3 கிலோ கூடினால் நான்குக்கும் 12 கிலோ. முடுக்கத்தில் அது 18 கிலோ. பின்சீட்டில் ஐந்தாறு வயதுக் குழந்தை ஏறியதுபோல. 1.5 டர்போ இன்ஜினுக்கு அது பெரிய பாரமே இல்லை.

எடை வேறு இடத்தில் அடிக்கிறது. ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை, அதாவது சக்கரம், டயர், டிஸ்க், காலிப்பர், சக்கரம் மாட்டப்படும் ஹப் எல்லாம் சேர்ந்தது, முன்பக்கம் ஒரு மூலைக்கு நாற்பது கிலோவை ஒட்டி இருக்கும். அதில் 3 கிலோ என்பது ஏழெட்டு சதவீதம். ஷாக் அப்சார்பர் அமைக்கப்பட்டது பழைய எடைக்கு. சக்கரம் மேடேறிக் குதித்தால் அதைத் திரும்பச் சாலையில் அழுத்த அதிக நேரம் ஆகும். அந்த நேரத்தில் டயருக்குப் பிடிப்பு கிடையாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியரில் ஏறும்போது, வளைவின் உள்பக்கம் பெயர்ந்த தாரில் முன்சக்கரம் தடதடத்து, வண்டி நினைத்த கோட்டைவிட்டு வெளியே நழுவும். டிராக்ஷன் கண்ட்ரோல் விளக்கு அங்கே மினுக்குவது பெரும்பாலும் இதனால்தான். பவர் அதிகமானதால் என்று நினைத்துக்கொள்கிறோம்.

அப்படியென்றால் 17-இல் நன்மையே இல்லையா? இருக்கிறது. பக்கச்சுவர் குட்டையாக இருந்தால் ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் ரப்பர் நெளியும் நேரம் குறையும், வண்டியின் மூக்கு சட்டென்று திரும்பும். இது கையில் தெளிவாகத் தெரியும். ஆனால் சட்டென்று திரும்புவதும் அதிகம் பிடித்துக்கொள்வதும் ஒன்றல்ல. இந்தக் குழப்பத்துக்கு டொயோட்டா ஜிஆர்86 ஸ்போர்ட்ஸ் கார் நல்ல எடுத்துக்காட்டு. அமெரிக்காவில் 2022 மாடலாக அது வந்தபோது கீழ்நிலை வகைக்கு 17 அங்குலச் சக்கரமும் மிஷெலின் பிரைமசி டயரும், மேல்நிலை வகைக்கு 18 அங்குலமும் மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4 டயரும் கொடுத்தார்கள். இரண்டுக்கும் அகலம் ஒரே 215. 18 போட்ட வண்டி வளைவில் கூடுதலாகப் பிடிப்பதைப் பார்த்துப் பெரிய சக்கரத்துக்குப் புகழ் போனது. பிடிப்பு வந்தது ரப்பர் கலவையிலிருந்து. பைலட் ஸ்போர்ட் 4-ஐ 17-இல் போட்டாலும் ஏறக்குறைய அதே பிடிப்பு வரும்.

பந்தய உலகத்தைக் காட்டி வாதாடுபவர்களும் உண்டு. ஃபார்முலா ஒன் 2021 வரை 13 அங்குலச் சக்கரத்தில்தான் ஓடியது. தடித்த பக்கச்சுவரே சஸ்பென்ஷனின் ஒரு பகுதியாக வேலை செய்தது. 2022-இல் 18-க்கு மாறியபோது சக்கரமும் டயரும் கனத்தன. மில்லிமீட்டர் சுத்தமாகச் செப்பனிட்ட தடத்தில் ஓடும் வண்டிகளே பல பத்தாண்டுகள் 13-இல் ஓடியிருக்கின்றன என்பதைத்தான் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

17-க்கு நேர்மையான காரணம் இரண்டுதான். ஒன்று, பெரிய பிரேக் போடுவது. மாஸ்டா எம்எக்ஸ்-5-இல் சாதாரண பிரேக்குக்கு 16 போதும், பிரெம்போ கம்பெனியின் பெரிய காலிப்பர் எடுத்தால் 17 வேண்டும். விர்ட்டஸில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். கம்பெனி பிரேக்குக்கு 16-இல் இடம் தாராளமாக இருக்கிறது. இரண்டாவது, புதிதாக வரும் உயர்தர ஸ்போர்ட் டயர்கள் பலவற்றின் அளவுப் பட்டியல் 17-இல்தான் தொடங்குகிறது. குறிப்பிட்ட ஒரு டயர்தான் வேண்டும், அது 16-இல் இல்லை என்றால் 17-க்குப் போவது நியாயம். அதேசமயம் 205/55 ஆர்16 ஜெட்டா, ஆக்டேவியா, கொரோலா ஆல்டிஸ் எல்லாம் போட்டு ஓடிய அளவு. எந்த ஊர் டயர் கடையிலும் நாலைந்து கம்பெனியின் சரக்கு இருக்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு விழுப்புரத்தில் டயர் கிழிந்தால் இதன் அருமை தெரியும்.

பணம் செலவழிப்பதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது, கதவு ஓரத்திலோ பெட்ரோல் மூடியிலோ எழுதியிருக்கும் அழுத்தத்தைவிட முன்சக்கரத்தில் 2 பி.எஸ்.ஐ. கூட்டுங்கள். வீல் அலைன்மென்ட்டைச் சரிபார்த்து, பாதிக்கு மேல் தேய்ந்த டயர் இருந்தால் நல்ல கலவை டயராக மாற்றுங்கள். 17-இல் நீங்கள் தேடும் கூர்மையில் பெரும்பகுதி இதிலேயே கிடைத்துவிடும்.

இதற்குப் பிறகும் 17 வேண்டும் என்பவர்களுக்கு என் பரிந்துரை 205/50. பக்கச்சுவர் 102.5 மி.மீ., அதாவது 16-ஐவிடப் பத்து மி.மீ.தான் குறைகிறது. எல்லாக் கடையிலும் கையிருப்பு இருக்காது, முன்கூட்டியே சொல்லி வரவழைக்க வேண்டியிருக்கும். சாதாரண 205/50-இன் சுமை எண் 89, அதாவது 580 கிலோ. பழையது 91. சுமை எண் குறையவே கூடாது என்பதால் 93 எக்ஸ்எல் (கூடுதல் சுமை தாங்கும் வகை) வாங்குங்கள். எக்ஸ்எல் டயருக்கு அதே சுமையைத் தாங்க இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. கூடுதலாக வேண்டும். பழைய அழுத்தத்திலேயே விட்டால் ஓரம் சீக்கிரம் தேயும், பள்ளத்திலும் அடிபடும். வாங்கும்போது பக்கச்சுவரில் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது.

ரிம் அகலம் டயருக்குப் பொருந்த வேண்டும். 205/50-க்கு 6.5ஜே, அதாவது 6.5 அங்குல அகல ரிம், மிகப் பொருத்தம், 7ஜேயும் 7.5ஜேயும் செல்லும். 225/45-க்குக் குறைந்தது 7ஜே வேண்டும், 6.5ஜேயில் மாட்டினால் பக்கச்சுவர் பலூன்போல் உப்பி, வளைவில் நெளியும். அகல டயர் போட்டும் ஸ்டீயரிங் மந்தமாகிவிட்டது என்று வருத்தப்படுபவர்கள் முதலில் ரிம்மின் பின்னால் என்ன ஜே என்று பார்க்க வேண்டும்.

அதே இடத்தில் ஈடி என்று ஓர் எண் இருக்கும். ஹப்பில் ஒட்டும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு வெளியே இருக்கிறது என்பதன் மில்லிமீட்டர் கணக்கு அது. எண் குறைந்தால் சக்கரம் வெளியே தள்ளும். கணக்கு எளிது. பழையது 6.5ஜே ஈடி 45, புதியது 7.5ஜே ஈடி 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அங்குலம் அகலம் கூடியதால் இருபுறமும் 12.7 மி.மீ. வளரும். ஈடி 5 குறைந்ததால் எல்லாம் 5 மி.மீ. வெளியே நகரும். வெளிப்பக்கம் 17.7 மி.மீ. நீட்டிக்கொள்ளும், உள்பக்கம் 7.7 மி.மீ. ஸ்ட்ரட்டை (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) நோக்கிப் போகும். உங்கள் சக்கரத்தின் எண்களைப் போட்டுப் பாருங்கள். வெளிப்பக்கம் அதிகம் நீண்டால் நாலு பேர் ஏறி வேகத்தடையில் இறங்கும்போது ஃபெண்டர் விளிம்பு டயரைச் செதுக்கும். வீல் பேரிங்குக்கும் கூடுதல் பளு.

வெளியில் வாங்கும் அலாய்களின் நடுத்துளை பல வண்டிகளுக்கும் பொதுவாக 73.1 மி.மீ. போலப் பெரிதாக இருக்கும். விர்ட்டஸ் ஹப் 57.1. இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் வேண்டும். அது இல்லாமல் மாட்டினால் சக்கரம் மயிரிழை அளவு நடுவிலிருந்து விலகி உட்காரும். எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் 90-110 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். பேலன்சிங் மெஷினில் சக்கரம் கூம்பில் மையமாக உட்காருவதால் அங்கே கோளாறு தெரியாது.

எடையைக் கடைக்காரர் சொல்வதை நம்பாதீர்கள். பயணப்பெட்டி நிறுக்கும் தொங்கு தராசை எடுத்துப்போய் வெறும் ரிம்மை ஒரு துளையில் கொக்கி மாட்டித் தூக்கிப் பாருங்கள். 17-க்கு 9 கிலோவுக்குக் கீழே இருந்தால் நல்ல சக்கரம். ஃப்ளோ ஃபார்மிங் முறையில் (வார்த்த ரிம்மைச் சுழற்றி அழுத்தி மெலிதாக்குவது) செய்தவை இந்த எடைக்குள் வரும். 11, 12 காட்டினால் வைத்துவிட்டு வந்துவிடலாம். பின்புறம் ஜேடபிள்யூஎல், விஐஏ என்ற ஜப்பானியத் தர முத்திரைகளும், தாங்கும் எடை கிலோவில் வார்த்ததும் இருக்க வேண்டும். போலிகளிலும் முத்திரை வரும். தாங்கும் எடை எங்கேயும் இல்லாத ரிம்மைத் தொடவே வேண்டாம்.

மாட்டும்போது முதலில் ஒரு சக்கரத்தை டயர் இல்லாமல் ஹப்பில் வைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். காலிப்பருக்கும் ரிம்முக்கும் நடுவில் குறைந்தது 3 மி.மீ. இடம் வேண்டும். உட்புறம் ஒட்டும் பேலன்சிங் ஈயத்துக்கும் அங்கே இடம் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். டயரோடு மாட்டியபின் இரு பக்கமும் முழு லாக் ஒடித்துப் பாருங்கள். மீடியா திரையில் டயர் அழுத்தக் கண்காணிப்பைப் புதிதாகச் சேமியுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவித்துவிடுங்கள்; சொல்லாமல் மாட்டிய அலாய்க்கு இழப்பீடு கிடைக்காது.

பள்ளத்தில் பலமாக அடி விழுந்தால் அன்றைக்கே சக்கரத்தைக் கழற்றி உட்புற உதட்டில் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மெல்லிய கோடாகச் சின்னச் சின்னக் குமிழி வந்தால் அது விரிசல். வாரத்துக்கு நாலு பி.எஸ்.ஐ. இறங்கும், பஞ்சர் கடையில் ஆணி எதுவும் கிடைக்காது. வளைந்த ரிம்மைச் சூடாக்கித் தட்டி நிமிர்த்தித் தருவதும், விரிசலை வெல்டிங் வைத்து அடைப்பதும் பல இடங்களில் நடக்கிறது. அலாய்க்குக் கடைசியாகக் கொடுத்த வெப்பப் பதம் அந்தச் சூட்டில் போய்விடும். விரிசல் விட்ட ரிம் குப்பைக்குத்தான்.

கடைசியாக, எல்லோரும் அலட்சியம் செய்யும் போல்ட். வாயில் வீல் நட் என்றுதான் வருகிறது, இந்த வண்டியில் அது ஹப்புக்குள் நேராக முடுக்கும் எம்14×1.5 போல்ட். கம்பெனி போல்ட்டின் தலைக்குக் கீழே உருண்டையாக, பந்தின் ஒரு துண்டுபோல இருக்கும். வெளியில் விற்கும் அலாய்களில் பெரும்பாலானவற்றின் துளை 60 டிகிரிக் கூம்பு. உருண்டையைக் கூம்புக்குள் முடுக்கினால் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டுமே ஒட்டும். முடுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சு கிளிக் சொல்லும், முன்னூறு கி.மீ.யில் தளர்ந்துவிடும். அதனால் புது அலாயோடு கூம்புத் தலை போல்ட்டையும் வாங்குங்கள். ரிம் வழியாக நுழைத்துப் பார்த்து, பழைய போல்ட் எவ்வளவு வெளியே நீட்டியதோ அதே நீளம் வருகிறதா என்று அளந்து பாருங்கள். கையால் குறைந்தது ஏழு சுற்று இறங்க வேண்டும். ஏர் கன் வேண்டாம், 120 நியூட்டன் மீட்டரில் நட்சத்திர வரிசையில் முடுக்கி, 100 கி.மீ. ஓடியபின் திரும்ப ஒருமுறை சரிபாருங்கள். டைகுன், குஷாக் கம்பெனி அலாய் எடுத்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, பழைய போல்ட்டே பொருந்தும்.

டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னிக்கு இன்னமும் அந்த உருண்டைத் தலை போல்ட்தான் வேண்டும். கழற்றியதில் ஐந்தை ஒரு துணிப்பையில் கட்டி ஜாக்கியோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.